யாருக்கு லாபம்?

படித்தவர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் ஒரு கேள்விக்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. யாராவது ஒருவர் ஒரு நல்ல காரியத்தைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஓரமாக உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அதெல்லாம் சரி ஐயா, இதில் யாருக்கு லாபம்?" என்று கேட்பார். அவ்வளவுதான். பேசியவர் அசடாகிவிடுவார்; கேட்டவர் அறிவாளியாகிவிடுவார். அந்த மூக்குக் கண்ணாடிக்காரராக நான் பல தடவை இருந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு அது தொழில் வழக்கமும் கூட. ஒரு பாத்திரம் தர்மம் செய்தால், எதற்காகச் செய்தான் என்று தோண்டிப் பார்க்காமல் எங்களால் இருக்க முடியாது.

2023-ஆம் வருஷம் கோடை விடுமுறைக்கு என் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓர் இரவு சாப்பாடு முடிந்து கூடத்தில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். கருப்பைவாய்ப் புற்றுநோய் பிற்காலத்தில் வராமல் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது, அதைப் பெண்ணுக்குப் போட்டுவிடுங்கள் என்று குழந்தைகள் டாக்டர் சொன்னதாக மகள் ஆரம்பித்தாள். நம் நாட்டிலேயே தயாரான ஊசி அந்த வருஷம்தான் கடைக்கு வந்திருந்தது. ஒரு தவணை 2000 ரூபாய். அவள் வயதுக்கு இரண்டு தவணை.

என் மாப்பிள்ளை கெட்டிக்காரர். கணக்குத் தணிக்கை உத்தியோகம். அவர் சிரித்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. இந்த நாட்டுல எத்தனை கோடிப் பெண் குழந்தைங்க இருக்காங்க? ஆளுக்கு நாலாயிரம்னு பெருக்கிப் பாருங்க. முதல்ல பயத்தை விக்கிறான், அப்புறம் மருந்தை விக்கிறான். எல்லாம் கம்பெனிக்காரன் வேலை."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு நான்தான் முதலில் தலையாட்டுகிறவன். அன்று தலை ஆடவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை இருபது வருஷத்துக்கு முன்பே நான் கேட்டிருந்தேன். சொன்னவன் நான்தான்.

என் அக்கா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாலு பிள்ளை பெற்றவள். 2003-இல் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், தெருவில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் என்று அறிவித்து, வாசலுக்கு வாசல் நோட்டீஸ் கொடுத்துப் போனார்கள். நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிற முகாம்.

"எதிர்வீட்டு டீச்சர் போறாங்களாம் தம்பி. நானும் போயிட்டு வரட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் படம்; கீழே ஸ்கேன் வசதி, அறுவை சிகிச்சை வசதி, குளிர்சாதன அறை என்று ஜாபிதா. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

"அக்கா, இது ஆள் பிடிக்கிற முகாம். நல்லா இருக்கிறவங்களைக் கூப்பிட்டு, ஏதோ தெரியுது, வந்து ஸ்கேன் எடுங்கன்னு சொல்லுவாங்க. எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் வேலை."

"அதுவும் சரிதான். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே தம்பி" என்றாள் அக்கா.

அவள் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது. என் மேதாவித்தனத்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று எண்ணிக்கொண்டேன். அது வேறு என்று இப்போது தெரிகிறது. அன்னியர் முன்னால் அப்படி ஒரு பரிசோதனைக்குப் படுக்க வேண்டுமே என்ற கூச்சம் அவளுக்கு. போகாமலிருக்க ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. அதை என் வாயாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் உதிரப்போக்கு கண்டது. மாதவிடாய் நின்று போன பிறகு இதென்ன என்று வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, மாதக்கணக்கில் மறைத்துவிட்டாள். சொன்னபோது நோய் கருப்பையைத் தாண்டிப் போயிருந்தது. 2006 மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் அன்று சொன்னது பொய் இல்லை. பிற்பாடு விசாரித்தேன். எதிர்வீட்டு டீச்சரை அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு தடவை வரவழைத்து, தேவையில்லாத ஸ்கேன் எல்லாம் எடுக்க வைத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பி வைத்தார்களாம். ஆள் பிடிக்கிற முகாம்தான் அது. என் ஊகம் எழுத்துக்கு எழுத்து சரி. முகாமுக்குப் போயிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பரிசோதனைகள் தவறுவதும் உண்டு. ஆனால் அவளுக்கு இருந்த ஒரே வாய்ப்பைத் தட்டிவிட்டவன் நான். சரியான ஊகத்தைச் சொல்லி ஒரு பெரிய தப்பைச் செய்ய முடியும் என்பதை அந்தச் சாவு எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அதன் பிறகு இந்த நோயைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். மற்றப் புற்றுநோய்களைப் போல் அல்ல இது. வருவதற்கு முன் நீண்ட காலம் வாசலில் நிற்கிற நோய். பாப்பிலோமா என்கிற வைரஸ் தொற்றி, அது விலகாமல் தங்கினால்தான் வருகிறது. தொற்று புற்றாக முதிரச் சாதாரணமாகப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். அந்த இடைக்காலத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் போதும், தடுத்துவிடலாம். கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த பாப்பனிகொலாவு என்ற டாக்டர், கருப்பைவாயிலிருந்து வழித்தெடுத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-லேயே சொன்னார். உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளப் பதினைந்து வருஷம் ஆயிற்று. வைரஸ்தான் காரணம் என்பதை 1980-களில் நிலைநாட்டியவர் ஹரால்டு சுர் ஹவுஸன் என்ற ஜெர்மானியர். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்திரேலியாவில் இயான் ஃபிரேஸரும் சீனாவில் பிறந்த ஜியான் ஜோவும் 1991-இல் வைரஸின் வெறும் கூட்டைப் போன்ற ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். உள்ளே உயிர்ச்சரக்கு இல்லாத கூடு. உடம்பை ஏமாற்றி, எதிரியை முன்கூட்டியே அடையாளம் காட்டிக் கொடுக்கிற கூடு. 2006-இல் அது தடுப்பூசியாக வந்தது. ஜோ அதைப் பார்க்கவில்லை, 1999-லேயே காலமாகிவிட்டார்.

ஊசியினால் பலன் உண்டா? ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் வளர்ந்து பெரியவர்களானதும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வெளியாயிற்று. அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் முற்றிய வடிவில் வரவில்லை. விற்றவனுக்கு லாபம் வந்தது. போட்டுக்கொண்டவளுக்கு உயிர் மிஞ்சியது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன.

இதைக் கொண்டு, சந்தேகப்படுகிறவர்கள் எல்லாம் மூடர்கள் என்று முடிவு கட்டிவிட முடியுமானால் எவ்வளவோ சௌகரியமாக இருக்கும். அப்படியும் முடியவில்லை.

தென் கொரியாவில் 1999-இல் அரசாங்கம் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் சொல்ல ஆரம்பித்தன. ஜனங்களும் கட்டினார்கள். தேடத் தேட அகப்பட்டது. 1993-இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு தைராய்டுப் புற்றுநோயாளிகள் 2011-இல் அந்த நாட்டில் இருந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதாவது, சாகும் வரை ஒரு துன்பமும் தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளை எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சுகமாக இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தில் தழும்போடும், ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரையோடும் வீடு திரும்பினார்கள். 2014-இல் அந்த நாட்டு டாக்டர்களிலேயே சிலர் துணிந்து வெளியே வந்து, இதை நிறுத்துங்கள் என்று சொன்ன பிறகுதான் கத்தி ஓய்ந்தது. அங்கே என் அக்காவைப் போன்ற ஒருத்தி இருந்து, என்னைப் போன்ற ஒரு தம்பியின் பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டுச் சங்கதியையே பார்ப்போம். 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இதே ஊசியைப் பத்து முதல் பதினாலு வயதுப் பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தின. மருந்தைக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. பெண்களில் பலர் பழங்குடிக் குழந்தைகள். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். இடையில் ஏழு பெண்கள் இறந்து போனார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தவர்கள், அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை என்றே சொன்னார்கள். ஆனால் விசாரணையில் வேறொன்று அகப்பட்டது. ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாய் தகப்பனுக்கு என்ன ஏது என்று தெரியாது. 2013-இல் பாராளுமன்ற நிலைக்குழு, கம்பெனிகளின் வியாபார நோக்கமே இதன் பின்னால் இருந்தது என்று கடுமையாக எழுதிற்று.

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. மருந்து நல்ல மருந்துதான்; அதை ஸ்காட்லாந்து காட்டிவிட்டது. ஆனால் கேட்காமல் போட்டார்கள். பணக்கார வீட்டுப் பெண்ணாக இருந்தால் அவள் தகப்பனார் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்; விடுதிக் குழந்தைக்காகக் கேட்க ஆள் இல்லை. நல்ல மருந்தை இப்படிக் கொடுத்ததால் மருந்தின் பேரும் கெட்டது. பல வருஷங்களுக்கு அதன் மேல் சந்தேகம் படிந்தது. என் மாப்பிள்ளையின் சிரிப்பில் அந்தக் கம்மம் மாவட்டத்துக் கசப்பும் கொஞ்சம் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆகவே, லாபம் இருக்கிறதென்பதால் ஒன்று பொய்யாகிவிடுவதில்லை. லாபம் இருக்கிறவன் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. இவ்வளவு தூரம் வந்த பிறகு நான் சில நாள் திகைத்து நின்றேன். எனக்கு வழி காட்டியது, நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு காரியம்.

2000-த்திலிருந்து 2003 வரை அங்கே கிராமம் கிராமமாக ஒரு பரிசோதனை நடந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கை ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்களும், பிரான்ஸில் லியான் நகரத்து சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் நடத்தினார்கள். கருவி என்ன தெரியுமா? ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே, அந்த வினிகரில் இருக்கிற அதே புளிப்பு அமிலம்தான். நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், கெட்டுப்போக ஆரம்பித்த இடம் வெளுத்துத் தெரியும். பார்ப்பதற்குப் பெரிய டாக்டர் வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். வெளுத்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்துவிடுவார்கள். 30 முதல் 59 வயது வரை முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் என் அக்காவின் கூச்சம் இருந்திருக்கும், ஆனாலும் வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பது மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்தது.

நான் அக்காவிடம் மேதாவித்தனம் பேசிய அதே 2003. ஒரு நாள் பஸ் பிரயாண தூரத்தில் இது நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஏன் தெரியவில்லை? புளிப்புத் தண்ணீரில் யாருக்கும் லாபம் இல்லை. லாபம் இல்லாத சரக்குக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் யார்?

லாபத்தின் உண்மையான தொழில் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எந்த உண்மை நம் காதில் விழ வேண்டும், எது விழ வேண்டாம் என்று தீர்மானிப்பதே அதன் தொழில். அதற்காக அது பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2006-இல் ஊசி வந்தபோது அமெரிக்காவில் மூன்று தவணைக்கு 360 டாலர். இந்த நோயால் சாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் இருக்கிறார்கள். மருந்து முதலில் போனதோ, பணம் இருந்த இடத்துக்கு. 2022-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் மட்டும் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய எண்பதாயிரம் பெண்கள் இந்த ஒரு நோயில் மாண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் லாபம் கருதாதவர்கள் எல்லாம் புண்ணியவான்களா? திண்டுக்கல்லிலேயே 57 பகுதிகளில் பரிசோதனை நடந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு 57 பகுதிகளில் அப்போது நடக்கவில்லை. அந்த ஊர்களிலும் பெண்கள் இறந்தார்கள். அவர்களை அப்படி விட்டது நியாயமா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவன் கையில் காசு இல்லை என்பதனால் அவன் மனச்சாட்சி தானாகச் சுத்தமாகிவிடாது. ஆகையால் கொடுக்கிறவனின் சட்டைப்பையை மட்டும் தடவிப் பார்த்தால் போதாது; வாங்கிக்கொள்கிறவளின் கதி என்ன என்று பார்க்க வேண்டும். சொல்வது மெய்தானா? இந்த மனுஷிக்கு இது தேவையா? அவளைக் கேட்டார்களா? யாருக்கு லாபம் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டியது. நான் அதையே கடைசிக் கேள்வியாக்கி, கேட்ட மாத்திரத்தில் எழுந்து போய்விட்டேன். உழைக்காமல் அறிவாளியாகத் தோன்றுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அது என்னை இன்றும் உறுத்துகிறது. 2007-இல் நம் மாநில அரசாங்கம் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாக இரண்டு மாவட்டங்களில் தொடங்கிற்று. ஒன்று தேனி, மற்றொன்று தஞ்சாவூர். அக்காவின் மாவட்டம். அவள் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 2012 முதல் மாநிலம் எங்கும் விரிந்தது. நல்ல காரியம். ஆனால் 2003-இல் அவள் தெருவுக்கு வந்தவன் ஆள் பிடிக்கிறவன் ஒருவன்தான். பொதுநலம் வரத் தாமதமான இடத்தில் சுயநலம் முந்திக்கொண்டு நின்றது. அதை ஏசுகிற உரிமை எனக்கு உண்டா? அவனை விரட்டிய நான், அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்காவது ஒரு நாள் அழைத்துப் போயிருந்தால் உண்டு. அழைத்துப் போகவில்லை.

அன்று இரவு மாப்பிள்ளையிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அக்காவின் கதையை மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி மாமா, டாக்டர்கிட்ட நானே போய்க் கேக்கிறேன்" என்றார். கேட்கவும் செய்தார். தணிக்கைக்காரர் அல்லவா? கம்பெனிக் கணக்கைத் துருவுவது போல் துருவிவிட்டு வந்தார். இது எத்தனை வருஷம் காக்கும், என்ன கெடுதல் வரக்கூடும், ஒரு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறதே, பின் ஏன் இரண்டு என்று கேட்டாராம். டாக்டர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாராம். கேள்வி கேட்டால் கோபிக்காத டாக்டர் என்பதிலேயே மாப்பிள்ளைக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பேத்தியையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னோம். "எனக்கு எதுக்குத் தாத்தா ஊசி? எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். ஒன்றும் இல்லாதபோது போட்டால்தான் பலன் என்று அவள் அம்மா விளக்கினாள். வலிக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் வலிக்கும் என்று உண்மையைச் சொன்னோம். யோசித்துவிட்டுச் சரி என்றாள். கம்மத்துப் பெண்களுக்குக் கிடைக்காத ஐந்து நிமிஷம் அது.

அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. ஊசியைப் பற்றி டாக்டர் சொன்னார். பத்திரிகையில் விளம்பரம் வந்தது. குடும்பமே கூடிப் பேசினோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் செய்கிற பரிசோதனையைப் பற்றி அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. தகப்பன் மகளிடம் கேட்கக் கூசுகிற கேள்விதான். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா, நீ அந்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டியா?"

அவள் நிமிராமலே, "எனக்கென்னப்பா? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

கையிலிருந்த புடவையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.